சும்மாட்டின் மேல் போட்ட பழி

நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பழைய ராஜபாட்டையிலும், அதிலிருந்து கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்குமாகப் பிரிந்து போகும் கிளைப் பாதைகளிலும், சாலையை அகலப்படுத்த வந்தவர்களின் கடப்பாரைக்குத் தப்பிய சுமைதாங்கிக் கற்கள் சில இன்னும் நிற்கின்றன. குத்தாக நட்ட இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பாளம், அவ்வளவுதான் அதன் சிற்பம். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கைகொடுக்கக் காத்திராமல், முழங்காலைச் சற்றே மடக்கிச் சுமையைப் பாளத்தின்மேல் நகர்த்திவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி ஒரு பெருமூச்சு விடலாம். வயிற்றுச் சுமை இறங்குமுன்பே இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக இக்கற்களை நாட்டுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். ஒருத்தியின் வயிற்றில் இறங்காத பாரத்துக்கு ஊராரின் கழுத்துப் பாரத்தை இறக்கிப் பரிகாரம் தேடிய அந்த மனப்போக்கை நினைக்கும்போது, வயிற்றுக்கும் கழுத்துக்கும் ஏதோ சம்பந்தம் உண்டென்று நம் முன்னோர் குறிப்பால் உணர்ந்திருந்தார்களோ என்று எனக்கு ஒரு வீண் சந்தேகம் எழுவதுண்டு.

குளச்சல் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி, சாளையும் நெத்திலியும் நிறைந்த கடவத்தைத் திண்ணையில் இறக்கிவைத்தவுடன், சும்மாட்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிடரிக்கும் வலத்தோளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடி, “உளுக்கு அண்ணாச்சி, சொமையில வந்த உளுக்கு” என்பாள். மூன்று மாதம் இதையே சொன்னாள். கேட்டவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. இருபது வருஷமாகத் தலையில் மீனையும் ஐஸ் கட்டியையும் சுமக்கிறவளுக்குக் கழுத்து நோகாமல் வேறு யாருக்கு நோகும்?

கன்னியாகுமரி ஜில்லாவில் கழுத்து நோவுக்குக் காரணம் தேடி அலையவேண்டிய அவசியமே இருப்பதில்லை. மீன்காரிக்குக் கடவம், பனையேறிக்கு அண்ணாந்த பார்வை, செங்கல் சூளையில் வேலை செய்பவருக்குப் பலகைச் சுமை, ஆபீஸ் குமாஸ்தாவுக்குக் கம்ப்யூட்டர், அவர் வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசி என ஒவ்வொருவர் கையிலும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. பெரும்பாலும் அது உண்மையான காரணமாகவும் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தசை பிடித்துக்கொள்வதாலும் எலும்புகள் வயதினால் தேய்வதாலும் உண்டாகும் நோவே மிகுதி; அதுவும் சில வாரங்களில் தைலத்துக்கோ, தவிட்டு ஒற்றடத்துக்கோ, வெறும் பொறுமைக்கோ அடங்கிவிடுவது. ஆனால் தயாரான காரணம் ஒன்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே இருக்கும் வேறொரு காரணத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்கப்படாத அந்தச் சிறுபான்மைக் காரணங்களே இங்கு ஆராயத் தக்கவை.

இந்த ஆராய்ச்சியில் மனிதனோடு நாயையும் சேர்த்துக்கொள்வது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். மனிதன் தன் நோவைத் தானே சொல்கிறான். சொல்லும்போது அதற்கு ஒரு கதையையும் கட்டிவிடுகிறான். நாய் சொல்வதில்லை, ஆகவே அதன் சார்பில் எஜமானன் கதை கட்டுகிறான். வைத்தியரை வழிதவறச் செய்வது இரண்டு இடத்திலும் கதைதான். தவிரவும், சரீர அமைப்பில் இவ்விருவரின் கழுத்தும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவுடையவை. மனிதன், நாய், ஒட்டகச்சிவிங்கி ஆகிய மூவருக்குமே கழுத்தெலும்புகள் ஏழுதான். முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவே வட்டத்தட்டு கிடையாது. இரண்டாம் எலும்பின் முளை ஒன்று முதல் எலும்பின் வளையத்துக்குள் அச்சாணிபோல் நுழைந்து நிற்க, அதைப் பற்றிக்கொண்டு தலை இடமும் வலமும் திரும்புகிறது. பேதம் சுமக்கும் விதத்தில் இருக்கிறது. மனிதனின் தலை, கிட்டத்தட்ட 5 கிலோ பாரம், நட்ட கம்பத்தின் உச்சியில் வைத்த குடம்போல் சமன்பட்டு நிற்பது. நாயின் தலையோ துலாவின் நுனியில் தொங்கும் வாளிபோல் முன்னே நீண்டு தொங்குவது. அதை இழுத்துப் பிடிப்பதற்கென்றே இரண்டாம் கழுத்தெலும்பின் முள்ளிலிருந்து மார்பு முதுகெலும்பு வரை ஒரு தடித்த நார் அதன் பிடரியில் ஓடுகிறது. மனிதனிடத்தில் அந்த நார் பெயரளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. ஆகவே கழுத்து நொந்த மனிதன் தலையைத் தாங்கிப் பிடிக்கிறான். கழுத்து நொந்த நாய் தலையைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறது.

இனி வயிற்றுக்கு வருவோம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத் திரை, கருவில் முதன்முதல் உருவாவது மார்பின் அடியில் அன்று, கழுத்தின் அருகில். கரு வளர வளர அது கீழே இறங்கிப் போகிறது. போகும்போது தனக்குரிய நரம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அந்த நரம்பின் வேர், கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளிலேயே நின்றுவிடுகிறது. பிழைப்புக்காகப் பம்பாய்க்குப் போய்விட்ட நாஞ்சில் நாட்டான் ஒருவனுடைய ரேஷன் கார்டு முப்பது வருஷமாகியும் நாகர்கோவில் விலாசத்திலேயே இருப்பதுபோல. அங்கே அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தபால் இங்கே வருகிறது. உதரவிதானத்தின் அடிப்புறத்தைப் பித்தப்பையின் வீக்கமோ, கல்லீரல் கட்டியின் சீழோ, உடைந்த மண்ணீரலின் இரத்தமோ உறுத்தும்போது, தோள்பட்டையின் உச்சியிலும் கழுத்தின் அடியிலும் வலி தோன்றுவதற்கு இந்தப் பழைய விலாசமே காரணம். வலது பக்கத்துக் குற்றவாளி பெரும்பாலும் கல்லீரலும் பித்தப்பையும். இடது பக்கத்துக்கு மண்ணீரல். விழுந்து அடிபட்டவன் இடத்தோள் நுனியில் வலி என்று சொன்னால், அனுபவமுள்ள வைத்தியர் தோளைத் தொடுமுன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

இந்த ஜில்லாவுக்கு இதில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தார் 1838ஆம் ஆண்டு தொடங்கிய வைத்தியசாலைக்கு, 1920களில் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய ரணசிகிச்சை நிபுணர் வந்து சேர்ந்தார். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்தவர். மலையிலிருந்து திரும்பியபின் தெற்கே சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், நெய்யூர் வைத்தியசாலையில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் தமக்குக் காத்திருந்த உத்தியோகத்தை உதறியவர். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த இப்பிரதேசத்தில் மரச்சீனிக் கிழங்கே ஏழையின் அன்னம். குடல் முகப்புப் புண் இங்கே மிகச் சாதாரணமான வியாதி. அதற்கான ரணசிகிச்சையில் சோமர்வெல் பேர்பெற்றார். அந்தப் புண் துளைத்துக்கொண்டு உடையும்போது, உள்ளிருக்கும் அமிலம் உதரவிதானத்தின் கீழ் பாய்ந்து, தோள் உச்சியில் சுரீரென்று ஒரு வலியை எழுப்புவதுண்டு. இதே காலத்தில், 1921ஆம் ஆண்டு, ஜக்கரி கோப் என்பவர் திடீர் வயிற்று நோவுகளைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நூல் இந்தத் தோள்வலியை ஒரு முக்கிய லக்ஷணமாகவே பேசுகிறது.

சோமர்வெல்லின் சொந்தக் கழுத்துக்கும் ஒரு கதை உண்டு. விஷயத்தை விட்டுச் சற்று விலகினாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1924ஆம் ஆண்டு நார்ட்டன் என்ற சக மலையேறியோடு எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடிக்கு ஏறியவர், தொண்டை வறண்டு மூச்சு அடைத்ததால் மேலே போக இயலாமல் நின்றார். இறங்கும் வழியில் தொண்டையில் ஏதோ சிக்கி மூச்சு முற்றிலும் நின்றுபோக, பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் மார்பை அழுத்தி இருமியபோது அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. அது அவருடைய தொண்டையின் உட்சவ்வு; பனிக் குளிரில் கருகிக் கழன்றது. தொண்டை உரிந்துபோன அந்த மனிதர் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூரில் பிறர் வயிறுகளைத் தைத்தார்.

வயிற்றைப் போலவே நெஞ்சும் கழுத்தில் வந்து பேசும். இருதயத்துக்கு இரத்தம் போதாதபோது தோன்றும் நோவை வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டு வர்ணித்த நாள் முதல் அது மார்பின் வியாதி என்றே அறியப்பட்டாலும், சிலரிடத்தில் மார்பில் ஒன்றுமே தோன்றாமல், தாடைக்கும் காறையெலும்புக்கும் இடையே ஓர் இறுக்கமாக மட்டும் வருவதுண்டு. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், குமாரகோயில் படியேறும்போது மட்டும் கழுத்து இறுகுவதாகவும், மேலே போய் வேளிமலைக் காற்றில் உட்கார்ந்ததும் விட்டுவிடுவதாகவும், முருகன் அருளால் நோய் தீர்கிற அந்த அற்புதத்தைப் பலரிடமும் சொல்லிப் பரவசப்பட்டுக்கொண்டிருந்தார். தலையணையையும் இரண்டு முறை மாற்றிவிட்டார். நடந்தால் வந்து நின்றால் போகிற நோவு தலையணையின் குற்றமாக இருக்க நியாயமில்லை என்று அவருடைய மருமகள் சொன்ன பிறகுதான் இருதயத்தைச் சோதிக்கப் போனார்.

நுரையீரலின் உச்சி காறையெலும்புக்கும் மேலே கழுத்துக்குள் எட்டிப் பார்ப்பது. பீடியும் சிகரெட்டும் விளைவித்த புற்று அங்கே வேர்விட்டால், இருமல் வருமுன்பே தோளும் கழுத்தும் நோகும். கைக்குள் சுண்டுவிரல் வரை வலி இறங்கும். அதே பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தொங்கி, கண்மணி சுருங்கும். ஹென்றி பான்கோஸ்ட் என்ற அமெரிக்க ஊடுகதிர் நிபுணரின் பெயரால் வழங்கும் வியாதி இது.

கண்ணிமை தொங்குவதென்பது இன்னொரு பயங்கரத்துக்கும் அடையாளம். கழுத்தின் முன்பக்கத்துப் பெருநாடியின் உட்சுவர் கிழிந்தாலும் இதே லக்ஷணம் தோன்றும். பின்பக்கத்து நாடியோ இன்னும் இக்கட்டான பாதையில் செல்கிறது: கழுத்தெலும்புகளில் மேலுள்ள ஆறின் பக்கத் துளைகளுக்குள் நுழைந்து, உச்சியில் ஒரு வளைவு வளைந்து மூளைக்குள் போகிறது. கழுத்தைத் திடீரெனத் திருகும்போது அந்த வளைவில் சுவர் கிழியக்கூடும். கிழிந்த இடத்தில் உறையும் இரத்தம் மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ கழித்து மூளைக்குப் போய் அடைக்கும். அதுவரை இருப்பது கழுத்து நோவும் தலைவலியும்தான். முடிவெட்டிக்கொண்டபின் சலூன்காரர் தலையை இரு கைகளாலும் பற்றி ‘மடக்’கென்று நெட்டி முறிக்கும் சுகத்துக்கு நம்மவர் அடிமைகள், அந்தச் சுகம் எனக்கும் பழக்கமானதே, இப்போது விட்டுவிட்டேன். 1993ஆம் ஆண்டு வெயின்ட்ராப் என்னும் நரம்பியல் வைத்தியர், அழகு நிலையத்தில் தலை கழுவுவதற்காகக் கழுத்தைப் பின்னால் மடித்துக் கிடந்த ஐந்து பெண்களுக்குப் பக்கவாதக் குறிகள் கண்டதை எழுதினார். 2017ஆம் ஆண்டு டில்லிக்கு அடுத்த குருகிராமில், சலூனில் நெட்டி முறித்துக்கொண்ட ஒருவருக்குக் கழுத்திலிருந்து உதரவிதானத்துக்கு இறங்கும் அந்த நரம்பே பழுதுபட்டு, மூச்சுவிட இயந்திரம் தேவைப்பட்ட செய்தி பத்திரிகைகளில் வந்தது. அந்த நரம்பென்னும் நூலின் இரு முனைகளும் ஒன்றையொன்று இழுப்பவை.

தொண்டையின் சங்கதி கடற்கரை ஜில்லாக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மீன்முள் சிக்கினால் ஒரு கவளம் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கு, இல்லாவிட்டால் ஒரு மட்டிப் பழத்தை மெல்லாமல் விழுங்கு என்பது வீட்டுப் பெரியவர்களின் சட்டம். பெரும்பாலும் முள் போய்விடுகிறது. போகாதபோது சோற்றுருண்டை அதை இன்னும் ஆழமாகக் குத்தி இறக்கிவிடுகிறது. அபூர்வமாக, முள் தொண்டைச் சுவரைத் துளைத்து வெளியேறி, கழுத்துத் தசைகளினூடே வாரக்கணக்கில் மெல்ல நகர்வதுண்டு. விழுங்கும்போது இருந்த உறுத்தல் மறைந்துவிடுவதால் அவன் முள்ளையே மறந்துவிடுகிறான். பிறகு காய்ச்சலோடு கழுத்து இறுகும்போது அவனுக்கும் வைத்தியருக்கும் பழைய விருந்து நினைவுக்கு வருவதில்லை. தொண்டைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சீழ் சேர்வதற்கென்றே அமைந்ததுபோல் ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே சீழ் சேர்ந்தால் தலை திரும்பாது, வாய் திறக்காது, எச்சில் இறங்காது. குழந்தைகளிடத்தில் அங்குள்ள அழற்சி, முதலிரண்டு கழுத்தெலும்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்தி, தலையை ஒருபுறமாகத் திருகி நிறுத்திவிடுவதை 1930ஆம் ஆண்டு கிரிசெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்தார். தொண்டைப்புண் வந்த பிள்ளையின் கழுத்து கோணினால், தூக்கத்தில் பிசகிவிட்டது என்று நீவிவிடுவது தகாது.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு கறுப்பு நாட்டு நாய் இருந்தது. ஒருநாள் சோற்றுத் தட்டின் எதிரே வந்து நின்று, மோந்து பார்த்து, பின்வாங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. பசி இல்லையென்று வீட்டார் முடிவு செய்தார்கள். மறுநாள் ஒரு சிறுமி தட்டை எடுத்து வீட்டுப் படிக்கட்டின் மேல்படியில் வைத்தாள். நாய் வந்து நின்றபடியே முழுவதையும் நக்கித் தின்றது. அதற்குப் பசி இருந்தது, குனியத்தான் முடியவில்லை. கூப்பிட்டால் தலையைத் திருப்பாது. கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்துவிட்டு, பிறகு உடம்பு முழுவதையும் வள்ளம் திரும்புவதுபோல் திருப்பும். தெருப் பையன்கள் கல்லெறிந்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். கால்நடை வைத்தியர் மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது, நாக்கின் அடிவேருக்குப் பின்னால் ஒரு சிறு புண்ணும், அதற்குள் பூவரசங் கம்பின் சிராய் ஒன்றும், அதைச் சுற்றிச் சீழும் இருந்தன. பையன்கள் எறிந்தது உண்மைதான். ஆனால் கல்லை அல்ல. நாய் ஓடிக் கவ்வி வருவதற்காக அவர்கள் விளையாட்டாக எறிந்த கம்பு தரையில் செருகி நிற்க, ஓடிய வேகத்தில் அது தொண்டையில் குத்திக்கொண்டது. நாய் வளர்ப்போர் பலரும் அறியாத, ஆனால் கால்நடை வைத்தியர்கள் நன்கறிந்த விபத்து இது.

நாயின் கழுத்து நோவு வயிற்று நோவுபோல வேஷம் போடுவதும் உண்டு. தூக்கும்போது கத்துகிறது, வயிற்றைத் தொட்டால் இறுக்குகிறது, தின்ன மறுக்கிறது. ஆகவே வயிற்றுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. முன்னங்கால் ஒன்றை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் பாதத்தில் முள் தேடுகிறார்கள். கழுத்தில் நசுங்கிய நரம்பு வேர் காலில் வலிப்பதால் அப்படி நிற்கிறது என்று தோன்றுவதில்லை. நீண்ட உடலும் குட்டைக் காலுமுள்ள டாக்ஸண்டு ஜாதியில் வட்டத்தட்டுச் சரிவு பிறவிச் சொத்து என்றே சொல்லலாம். நெற்றிப் பக்கத்து மூளைக் கட்டியுங்கூட நாயிடத்தில் கழுத்து நோவாக மட்டும் வெளிப்படுவதுண்டு. உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல் மூளைச் சவ்வைப் பற்றும்போதும் அப்படியே.

வாலிபப் பருவத்து பீகிள் நாய்களுக்கு வரும் ஒரு வியாதி விசேஷமாகக் கவனிக்கத் தக்கது. ஒரு வயது நிரம்பாத, துள்ளித் திரிகிற நாய் திடீரென்று காய்ச்சலோடு கழுத்தை நீட்டி விறைத்து, முதுகை வளைத்து நிற்கும், சில நாளில் தானே தேறும், மறுபடியும் வரும். கிருமி எதுவும் அகப்படுவதில்லை. தன் சொந்தக் காவற்படையே மூளைச் சவ்வின் நாடிகளைத் தாக்குவதால் வருவது; ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படுவது. ஆராய்ச்சிக்கூடத்து பீகிள்களில் கண்ட இந்த நாடி அழற்சி, 1967ஆம் ஆண்டு டோமிசாகு கவாசாகி ஜப்பானியக் குழந்தைகளிடம் கண்டெழுதிய வியாதியைப் போலிருப்பதாக ஆராய்ச்சியாளர் கருதினர். அந்தக் குழந்தை நோயும் சில சமயம் காய்ச்சலும் கழுத்து நெறிகட்டுதலும் இறுக்கமுமாகவே ஆரம்பிக்கிறது. கழுத்தில் கட்டி என்று மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது இருதய நாடிகள் வீங்கிக்கொண்டிருக்கும்.

பிறவிக் குறைகளிலும் இந்த ஒற்றுமை உண்டு. மண்டையின் பின்புறம் சிறுத்துப்போக, சிறுமூளையின் அடிப்பாகம் கழுத்துத் துளைக்குள் இறங்கி நெருக்குவதை ஹான்ஸ் கியாரி 1891ஆம் ஆண்டு மனிதரிடத்தில் வர்ணித்தார். இருமினாலோ முக்கினாலோ பிடரியில் வெடிப்பதுபோல் வலிப்பது அதன் குறி. அழகுக்காக மண்டையைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி மனிதன் வளர்த்தெடுத்த கவாலியர் ஸ்பானியல் என்னும் மடிநாய் ஜாதியில் இதே குறை மலிந்து கிடக்கிறது. அந்த நாய் நடந்துகொண்டே பின்னங்காலால் தோளருகே காற்றைச் சொறியும். தோலில் சொறி இராது. மனிதரில் டவுன் குறையோடு பிறந்த சில குழந்தைகளுக்கும், நாய்களில் யார்க்ஷயர் டெரியர், பொமரேனியன் போன்ற பொம்மை ஜாதிகளுக்கும், முதலில் சொன்ன அந்த அச்சாணி தளர்ந்தோ வளராமலோ இருப்பதுண்டு. நாற்காலியிலிருந்து குதித்த சிறு குதிப்பே தண்டுவடத்தை நசுக்கப் போதும். அத்தகைய நாய்க்குக் கழுத்துப்பட்டையில் சங்கிலி கோத்து இழுப்பது கொலைக்குச் சமானம்.

அச்சாணியின் விஷயத்தில் பனையேறிகளை மறக்க முடியாது. காலில் தளைநாரும் இடுப்பில் பாளை அரிவாளுமாக நாளொன்றுக்குப் பல மரங்கள் ஏறி அக்கானி இறக்கிய தலைமுறை இன்று அருகிவிட்டது. விழுந்து பிழைத்தவர்களில் சிலர் அச்சாணி முறிந்ததையே அறியாமல் ‘பிடலி பிடித்துக்கொண்டது’ என்று நடமாடி, மாதங்கள் கழித்துக் கை மரத்தபிறகு வைத்தியசாலைக்கு வந்திருக்கிறார்கள். எழுந்திருக்கும்போது தன் தலையைத் தானே இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு எழுகிறவனைக் கண்டால் இந்த முறிவையோ, எலும்பை அரிக்கும் காசநோயையோ சந்தேகிக்க வேண்டும். முதுகெலும்புக் கூனை பெர்சிவல் பாட் 1779ஆம் ஆண்டு விவரித்தார். அது காசத்தால் வருவதென்று பின்னால் தெளிந்தது. கழுத்தில் அது பெரிய இருமல் இல்லாமலே வரும். மாலைக் காய்ச்சலும் இளைப்புமே சாட்சி. ஆசாரிப்பள்ளத்தில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி நடக்கும் வளாகம் முன்பு காசநோய் வைத்தியசாலையாக இருந்தது.

இன்னும் சில காரணங்களைப் பெயர் சொல்லிப் போகலாம். வைரஸ் காய்ச்சல் விட்டபின் முன்கழுத்தில் காது வரை ஏறும் நோவு, 1904ஆம் ஆண்டு டி குவெர்வான் எழுதிய தைராய்டு அழற்சியாக இருக்கலாம். தொண்டை வலி என்று கஷாயம் குடித்தே அதைக் கழித்துவிடுகிறவர் பலர். காதுக்குக் கீழிருந்து இறங்கும் குச்சியெலும்பு இயல்பான இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டி நீண்டு, விழுங்கும்போதும் திரும்பும்போதும் குத்துவதை 1937ஆம் ஆண்டு ஈகிள் என்பவர் கண்டார். காய்ச்சலோடு மோவாய் நெஞ்சில் படாமல் கழுத்து விறைத்தால் மூளைச் சவ்வுக் காய்ச்சல். இடி விழுந்தாற்போல் ஒரே கணத்தில் தலையும் பிடரியும் நொந்தால் மூளையைச் சூழ்ந்த இரத்தக் கசிவு. இவற்றுக்கு விடியும் வரைகூடக் காத்திருக்கலாகாது.

ரணஜன்னி வேறு ரகம். அற்பப் புண்ணின் வழியே புகுந்து முதலில் தாடையையும் அடுத்துக் கழுத்தையும் பூட்டும் அதன் கிருமியை கிடாசாட்டோ 1889ஆம் ஆண்டு தனியே பிரித்து வளர்த்தார். குதிரையும் மனிதனும் எளிதில் அதற்கு இரையாக, நாயோ பன்மடங்கு எதிர்ப்புச் சக்தி உடையது. வந்தாலும் புண்பட்ட காலோடு நின்றுவிடுவதுண்டு. முகம் முழுவதும் பரவினால் காதுகள் விறைத்து நெருங்கி, உதடு பின்னிழுத்து, நாய் சிரிப்பதுபோல் தோன்றும். எட்டிக்கொட்டையின் விஷமும் இதே வேஷத்தில் வரும். 1818ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட அந்த விஷத்தைத் தெருநாய்களைக் கொல்ல நம் நாட்டு நகரசபைகள் உபயோகித்த காலம் ஒன்று இருந்தது. எட்டி விஷத்தில் இரண்டு இழுப்புக்கு நடுவே தசை தளர்ந்து கொடுக்கும், ரணஜன்னியில் விறைப்பு விடுவதேயில்லை என்பதே வித்தியாசம்.

குடிநீரும் கழுத்தைப் பூட்டும் என்பதை உலகத்துக்கு அறிவித்தவற்றுள் முக்கியமான ஆராய்ச்சி சென்னை ராஜதானியில் நடந்தது. நெல்லூர் ஜில்லாவில் முதுகும் கழுத்தும் ஒரே கோலாக இறுகி, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க உடம்போடு திரும்பவேண்டிய நிலையில் இருந்த கிராமத்தாரை ஷார்ட் முதலான ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, கிணற்று நீரில் மிகுந்த ஃபுளோரைடே காரணமென்று 1937ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதற்கு முன்பே அவ்வூர்க் குடியானவர்கள் உழவு மாடுகளின் மூட்டுகள் இறுகி அவை நடக்கத் தடுமாறுவதைக் கண்டிருந்தனர். மாடு சொல்லிவிட்டது, கேட்பவர்தான் தாமதமாக வந்தார். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இதே தொல்லைக்காக ஒகேனக்கல் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

நாட்டு வைத்தியம் இவற்றையெல்லாம் அறியாதது என்று ஒதுக்குவது சரியன்று. சுசுருதர் மன்யாஸ்தம்பம் என்ற கழுத்து விறைப்புக்குப் பகலுறக்கத்தையும், முறைகேடான இருக்கையையும், ஊர்த்துவ நிரீக்ஷணம் என்னும் அண்ணாந்த பார்வையையும் காரணமாகச் சொல்கிறார். பனையேறியைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. யூகி முனிவர் எண்பது வாதங்களுள் சகன வாதம் என்று ஒன்றைக் கணக்கிடுகிறார். தென் திருவிதாங்கூர் வர்ம ஆசான்கள் சொல்லும் 108 வர்மங்களில் 25 கழுத்துக்கு மேற்பட்டவை. நல்ல ஆசான் கைவைக்குமுன், எப்போது விழுந்தாய், எந்தப் பக்கம் விழுந்தாய், அதற்குமுன் காய்ச்சல் உண்டா என்று நெடுநேரம் விசாரிப்பதை முஞ்சிறைப் பக்கத்தில் நான் கண்டிருக்கிறேன். அந்த விசாரணையை விட்டுவிட்டு, திருகை மட்டும் கற்றுக்கொண்டவர்களிடந்தான் எனக்குப் பயம்.

மீன்காரம்மாளின் வலி, கவனித்துக் கேட்டபோது, சுமை தூக்கும் வேளையில் வரவில்லை. ராத்திரி எண்ணெய்ப் பலகாரமோ பொரித்த மீனோ தின்று படுத்த பிறகு வந்தது. அவளுடைய மகள் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்தாள். பித்தப்பையில் கல். அதை எடுத்த இரண்டு மாதத்தில் மறுபடியும் கடவத்தோடு வந்து நின்றவளிடம் கழுத்தைப் பற்றி விசாரித்தேன். திண்ணையில் உட்கார்ந்து, தலையிலிருந்ததை எடுத்துக் காட்டினாள்: பழைய சேலைக் கிழிசலுக்குப் பதிலாகப் புதிய துவாலைத் துண்டு.

“இப்பம் வலியே இல்ல. சும்மாட்ட மாத்துனேன், சரியாப் போச்சு.”

கல்லை எடுத்ததால் போயிருக்கலாமே என்றேன்.

“வயித்துக்குள்ள கல்லு கெடந்தா கழுத்து எதுக்கு அண்ணாச்சி வலிக்கு?” என்று சிரித்துவிட்டு, நெத்திலியை அளந்து போட ஆரம்பித்தாள்.